பினாங்கு வெயில்ல கவுச் டு 5கே: என் ரிவ்யூ

ஆபீஸ்லயும் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்லயும் ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்காங்க, எந்த ஆப், காசு கட்டணுமா, முட்டி வலிக்காதா, நாற்பது வயசுக்கு மேல செய்யலாமான்னு, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதனால மொத்தமா எழுதிடறேன். நான் யூஸ் பண்ணது கவுச் டு 5கே, அதாவது சோஃபாவே கதின்னு கெடக்குற ஆள 5 கிலோமீட்டர் ஓட வைக்கிறேன்னு சொல்ற 9 வாரத்து பிளான். பயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி ஆபீஸ், நாள் முழுக்க நாற்காலி, கடைசியா ஓடினது செகண்டரி ஸ்கூல் மெரெந்தாஸ் டெசாவுல, அதான் ஸ்கூல்ல வெளிய ரோட்டுல ஓட விடுவாங்களே அந்த நீண்ட தூர ஓட்டம், அப்படிப்பட்ட ஆளு எழுதுற ரிவ்யூ இது. பழைய ஓட்டக்காரங்க படிச்சா சிரிப்பு வரும், சிரிச்சுக்குங்க. 5க்கு 4 ஸ்டார் குடுக்கறேன், அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ வருது.

இத 1996ல ஜாஷ் கிளார்க்னு ஒரு அமெரிக்கக்காரர் எழுதினாரு, ஐம்பது வயசு தாண்டின தன் அம்மாவ சோஃபாவ விட்டு எழுப்பறதுக்காக. பிறகு பிரிட்டன் சுகாதாரத் துறை, அதான் என்எச்எஸ், இத எடுத்து பாட்காஸ்ட் பண்ணி, ஆப்பாவும் பண்ணாங்க, அதுல கோச்சா பேசின குரல்கள்ல ஒலிம்பிக் சாம்பியன் மைக்கேல் ஜான்சன் குரலும் ஒண்ணு. இப்ப ஃபோன்ல தேடினா இதே பேர்லயும் இத ஒட்டின பேர்லயும் ஏகப்பட்டது வரும், உள்ள இருக்கற கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். நான் எறக்கினது விளம்பரம் வர்ற ஒரு இலவச ஆப். வாரத்துக்கு 3 நாள், நடுவுல கண்டிப்பா ஒரு நாள் ரெஸ்ட். முதல் வாரம் 5 நிமிஷம் வேகமா நடக்கணும், அப்பறம் 60 செகண்ட் ஓட்டம் 90 செகண்ட் நடை, 60 ஓட்டம் 90 நடை, இப்படியே 20 நிமிஷம். ரெண்டாவது வாரம் 90 செகண்ட் ஓட்டம், 2 நிமிஷம் நடை. மூணாவது வாரத்துல 3 நிமிஷ ஓட்டம் உள்ள வருது, நாலாவதுல 5 நிமிஷம், அப்படியே ஏறி ஏறி ஒம்பதாவது வாரத்துல 30 நிமிஷம் நிக்காம ஓடணும். ஃபோன பாக்கெட்ல போட்டுட்டு காதுல இயர்போன் மாட்டிக்கிட்டா போதும், ஓடுங்க, நடங்கன்னு ஆப்பே சொல்லிடும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, நல்லாதானே ஓடிட்டு இருக்கோம் இன்னும் கொஞ்சம் போலாமேன்னு தோணுற நேரத்துல அது நடன்னு சொல்லும் பாருங்க, அதுதான். மூச்சு முட்டி, முகம் செவந்து, ஐயோ போதும்டா சாமின்னு நிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திடுது. அதனால வீட்டுக்கு வரும்போது தோத்துட்டு வந்த ஃபீலிங் இருக்காது, இன்னும் தெம்பு மிச்சம் இருக்கேன்னு ஒரு சந்தோஷத்தோட வர்றோம், அடுத்த தடவ போறதுக்கு அந்த மிச்சம்தான் இழுக்குது. பாசிட்டிவா இருங்க பாசிட்டிவா இருங்கன்னு ஆயிரம் பேர் சொல்றாங்க, வாந்தி வர்ற அளவுக்கு ஓடிட்டு வந்தவங்ககிட்ட போய் பாசிட்டிவா இருன்னா எங்கருந்து இருப்பாங்க?

நம்ம ஆளுங்களுக்கு ஓட்டம்னாலே ஸ்பிரிண்ட்தான், அது தமிழ்ப்பள்ளி ஸ்போர்ட்ஸ் டேலருந்து வர்ற பழக்கம். சிவப்பு ஹவுஸ், நீல ஹவுஸ், 100 மீட்டர், 4x100, விசில் அடிச்சதும் உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடணும், அவ்வளவுதான் நமக்கு தெரிஞ்சது. 1966 பாங்காக் ஏசியன் கேம்ஸ்ல 100, 200, 4x100 மூணுலயும் தங்கம் வாங்கின நம்ம மலேசியா டாக்டர் ஜெகதீசன் பேர எங்க அப்பா சொல்லிச் சொல்லியே வளத்தாரு, பெருமைதான், ஆனா மெதுவா ஓடலாம்னு ஒரு விஷயம் இருக்குன்னு யாரும் நமக்கு சொல்லித் தரல. மெரெந்தாஸ் டெசா ஞாபகம் இருக்கில்ல? கேட்ட தாண்டுற வரைக்கும் எல்லாரும் புலி, முதல் முக்கு திரும்பினதும் பாதிப் பேரு இடுப்பப் புடிச்சுக்கிட்டு நடப்பாங்க, மீதிப் பேரு கடையில ஐஸ் வாங்கிட்டு நிப்பாங்க.

இத்தனைக்கும் மெதுவா ஓடுற கலாச்சாரம் நம்ம நாட்டுலயே இருந்திருக்கு. ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்னு உலகம் பூரா இருக்கற ஓட்ட கிளப்பு 1938ல கோலாலம்பூர்லதான் ஆரம்பிச்சது. காட்டுக்குள்ள பேப்பர் போட்டு வழி காட்டுவாங்க, வேணும்னே தப்பு வழியும் போட்டு வைப்பாங்க, வேகமா ஓடுறவன் அதுல போய் மாட்டிட்டு திரும்பி வர்றதுக்குள்ள பின்னாடி வர்றவங்க வந்து சேர்ந்துக்குவாங்க. ஓட்டம் முடிஞ்சதும் பீர் உண்டு, எங்க ஊட்டுக்காரருக்கு அதுல இந்தப் பகுதி மட்டும் நல்லா தெரியும்.

சரி, இப்ப குறை. இந்த பிளான் எத்தனை நிமிஷம்னு சொல்லுதே தவிர எவ்வளவு மெதுவான்னு தெளிவா சொல்ல மாட்டேங்குது. என்கூட ஆரம்பிச்ச மச்சான், வயசு முப்பத்தஞ்சு, ஃபுட்சல் ஆடுற ஆளு, 60 செகண்ட்தானேன்னு அந்த 60 செகண்டும் பஸ்ஸ புடிக்க ஓடுற வேகத்துல ஓடுவான், அடுத்த 90 செகண்ட் நடக்க வேண்டிய நேரத்துல முட்டியில கை வெச்சு நிப்பான், ரெண்டாவது வாரத்தோட இந்த ஆப் சரியில்லன்னு அழிச்சிட்டான். ஆப் மேல தப்பில்ல, ஆனா அவன்கிட்ட அது சொல்லியிருக்கணும். நான் வெச்சிக்கிட்ட அளவு பேச்சுதான். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஒண்ணா ஓடுறோம், நேத்து வெச்ச மீன் கொழம்புல புளி ஏன் தூக்கலா போச்சுங்கற கதைய முழு வாக்கியமா சொல்ல முடியணும், ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தி, உடனே கொறைக்கணும். கோச்சுங்க இத டாக் டெஸ்ட்னு சொல்வாங்க, வாட்ச் வேணாம், காசும் வேணாம். தனியா ஓடுறவங்க வாய்க்குள்ளயே எதாச்சும் பேசிக்கிட்டு ஓடுங்க, இருட்டுல யாரும் பாக்க மாட்டாங்க.

அந்த வேகம் எப்படி இருக்கும்னா, யூத் பார்க்ல காலைல நடக்க வர்ற சீன அங்கிளுங்க, எழுபது வயசு இருக்கும், வெள்ளை பனியன் போட்டுக்கிட்டு கைய வீசி வீசி நடப்பாங்க, நாங்க ஓடும்போது அவங்க நடந்தே எங்கள தாண்டிப் போவாங்க. தாண்டும்போது கட்டை விரல தூக்கி காட்டுவாங்க வேற. அக்காவுக்கு முதல்ல கூச்சம், இப்ப அவங்களுக்கு முன்னாடியே இவங்க கட்டை விரல தூக்குறாங்க. நடக்கறவங்கள விட மெதுவா ஓடினா அது ஓட்டமான்னு கேட்டா, ஆமா, ஓட்டம்தான், ரெண்டு காலும் ஒரு கணம் தரைய விட்டு எழும்புது, நெஞ்சு வேலை செய்யுது, பிளானுக்கு அது போதும்.

அடுத்தது வெயில், இதுலதான் அந்த ஒரு ஸ்டார் போச்சு. எங்கயோ குளிர் நாட்டுல இருந்துக்கிட்டு எழுதின பிளான் இது, பினாங்கு புழுக்கத்த பத்தி ஒரு வரி கிடையாது. வேர்வை ஆவியா போனாதான் ஒடம்பு குளிரும், இங்க காத்துல ஈரம் ஜாஸ்தி, மழை நாள்ல துணி காயாத மாதிரி வேர்வையும் காயாம ஒடம்புலயே ஓடும். அப்ப இதயம் காலுக்கும் ரத்தம் அனுப்பணும், ஒடம்பு சூட்டக் கொறைக்க தோலுக்கும் அனுப்பணும், ரெண்டு வேலை. அதனால குளிர் ஊர்ல ஈசியா இருக்கற அதே வேகம் இங்க மூச்சு வாங்க வைக்குது. இது தெரியாம யூடியூப்ல இங்கிலாந்துக்காரங்க ஓடுறதப் பாத்துட்டு நமக்கு மட்டும் ஏன் இப்படி, நம்ம ஒடம்பே சரியில்லபோலன்னு மனசு ஒடஞ்சு விட்டவங்க நெறைய பேர். ஒடம்பு சரியாதான் இருக்கு, ஊரு சூடு, அவ்வளவுதான். அவங்க ஓடுறத விட இன்னும் மெதுவா ஓடுங்க, நடை நேரத்த அரை நிமிஷம் கூட்டிக்குங்க, எந்த போலீஸும் வந்து புடிக்காது.

எப்ப ஓடலாம்னு கேட்டா காலைலதான். ஆனா 1982ல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சதுலருந்து நமக்கு ஏழு மணிக்கு மேலதான் நல்லா விடியுது, ஆறரைக்கு கும்மிருட்டு, அதனால வெளிச்சமான கலர்ல சட்டை போடுங்க, லைட் இருக்கற இடமா பாருங்க. யூத் பார்க் நிழலும் இருக்கு, ஆளும் இருக்கு. கர்ப்பால் சிங் டிரைவ் தட்டையான ரோடு, கடல் காத்து வரும், முதல் வாரத்துக்கு அதுதான் பெஸ்ட். பொட்டானிக் கார்டன் அழகு, ஆனா ஏத்தம் எறக்கம் இருக்கு, குரங்கும் இருக்கு, கையில பிளாஸ்டிக் பை எடுத்துட்டு போனீங்கன்னா அது உங்களுக்கு வேற ஒரு ஸ்பிரிண்ட் கத்துக் குடுக்கும். புகைமூட்டம் வர்ற மாசங்கள்ல கிளம்பறதுக்கு முன்னாடி ஏபிஐ எண்ண, அதான் காத்து எவ்வளவு மாசுன்னு சொல்ற எண்ண, பாத்துக்குங்க, 100 தாண்டிட்டா சுற்றுச்சூழல் இலாகா கணக்குப்படியே அது ஆரோக்கியமில்லாத காத்து, அன்னிக்கு வீட்டுல இருங்க.

அஞ்சாவது வாரம் பத்தி தனியா சொல்லணும், எல்லாரும் பயப்படுற வாரம். அதுல முதல் நாள் 5 நிமிஷ ஓட்டம் மூணு தடவ, ரெண்டாவது நாள் 8 நிமிஷம் ரெண்டு தடவ, மூணாவது நாள் பாத்தா 20 நிமிஷம், நடுவுல நடையே இல்ல! லிஸ்ட்ட பாத்ததும் அக்கா, அடியேய் இது அச்சுப் பிழையா இருக்கும்டின்னாங்க. இல்ல, அப்படித்தான் இருக்கு. கால விட மனசுக்குதான் அந்த பரீட்சை. ஆப்ல பாதி தூரம் ஆச்சுன்னு ஒரு குரல் வரும், அத மட்டும் எதிர்பாத்து ஓடினோம், அதுக்கப்பறம் அடுத்த லைட் கம்பம், அடுத்த பெஞ்சு, அப்படியே. சின்னச் சின்னதா வெட்டிக்கிட்டா 20 நிமிஷம் போயிடுது. அது சரிவராத ஆளுங்க அந்த வாரத்தையே இன்னொரு வாரம் செய்யலாம், நாலாவது வாரத்துக்கு திரும்பிப் போய்ட்டும் வரலாம். அக்கா ஒரு வாரத்த மூணு தடவ செஞ்சாங்க, 9 வாரம்னு போட்டிருக்கறத 11 ஆக்கினா என்ன கொறஞ்சு போச்சு? ஆனா சில ஆப்ல ஒரு நாள் விட்டுப்போனாலே சிவப்பு மார்க் காட்டி, தொடர் சங்கிலி அறுந்து போச்சுன்னு அழுவுது, அந்த செட்டிங்க முதல் நாளே ஆஃப் பண்ணிடுங்க. பிள்ளைக்கு காய்ச்சல், ஓவர்டைம், மழை, நமக்கு ஆயிரம் இருக்கு.

பாசிட்டிவா இருக்கறதுக்கு ஆப்ல வர்ற யூ ஆர் அமேசிங் எல்லாம் எனக்கு வேலை செய்யல, ஓடிட்டு இருக்கும்போது ஒருத்தி காதுல வந்து அமேசிங்னா எரிச்சல்தான் வருது. வேலை செஞ்சது வேற ஒண்ணு: நாலாவது வாரத்துல இருக்கும்போது முதல் வாரத்து பக்கத்த எடுத்துப் பாக்கறது. 60 செகண்ட் ஓடினதுக்காடி நாக்க தள்ளினோம்னு ரெண்டு பேரும் சிரிப்போம். அடுத்தவங்களோட பாத்தா எப்பவும் நாமதான் பின்னாடி, ஃபேஸ்புக்ல எவனாச்சும் பினாங்கு பிரிட்ஜ் மராத்தான் மெடலோட நிப்பான். பழைய நம்மளோட பாத்தா மட்டும் கணக்கு சரியா வரும்.

சொந்தக்காரங்க வாயையும் சமாளிக்கணும். ஏன் ஓடுற, யாரு தொரத்துறா? முட்டி தேஞ்சு போயிடும், கருத்துப் போயிடுவ. முட்டி விஷயத்துல மட்டும் கொஞ்சம் யோசிக்கணும், பயப்படறதுக்கு இல்ல, பொறுமைக்கு. மூச்சு சில வாரத்துலயே பழகிடும், எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அதனாலதான் மூச்சு நல்லா இருக்கும்போதே ரெஸ்ட் நாள் வெச்சிருக்காங்க. தொடை முழுக்க பரவலா வலிச்சா அது சாதாரணம், ரெண்டு நாள்ல போயிடும். முழங்காலுக்குக் கீழ எலும்புல விரல் வெச்சு இதோ இங்கதான்னு காட்டுற மாதிரி ஒரே இடத்துல வலிச்சா ஓடாதீங்க, போய்க் காட்டுங்க. ரத்தக் கொதிப்பு, இருதயம், இனிப்பு நீர் இருக்கறவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, ஒரு வார்த்தை கேட்டுடுங்க, ஒரு வெள்ளிதான். இன்சுலின் போடுறவங்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டுன்னு எறங்கலாம், அதனால இனிப்பு மிட்டாய் கொஞ்சம் பாக்கெட்ல வெச்சிக்கிறது நல்லது. நெஞ்சு அழுத்தமோ தலை சுத்தலோ வந்தா அங்கயே நிறுத்திடணும், பிளானாவது ஒண்ணாவது.

பேரு விஷயத்துலயும் ஒரு சண்டை இருக்கு எனக்கு. கவுச் டு 5கேன்னு பேர வெச்சிட்டு கடைசில குடுக்கறது 30 நிமிஷ ஓட்டம். 30 நிமிஷத்துல 5 கிலோமீட்டர் போகணும்னா கிலோமீட்டருக்கு 6 நிமிஷம், அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நல்ல வேகம். கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் ஓடுறவங்க அந்த நேரத்துல 3.75 கிலோமீட்டர்தான் போயிருப்பாங்க, முழு 5க்கு 40 நிமிஷம் வேணும். ஒம்பது வாரம் கஷ்டப்பட்டு முடிச்சிட்டு வாட்ச்ல தூரத்த பாத்துட்டு, அய்யோ நான் முடிக்கலையான்னு மூஞ்சி சுருங்கினவங்க உண்டு. நிக்காம 30 நிமிஷம் ஓடினா முடிச்சாச்சு, தூரம் பின்னாடி வரும், வாரத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் கூட்டிட்டு போனா வந்துடும்.

செலவுன்னு பாத்தா ஷூ ஒண்ணுதான். விலை ஒசந்ததா இருக்கணும்னு இல்ல, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கின நேரத்துல போய் போட்டுப் பாத்து, முன்னாடி கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்கறதா எடுங்க. பெண்கள் ஷூக்கு குடுக்கற காசுக்கு முன்னாடி நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு குடுங்க, இத எந்த ஆப்பும் சொல்லல. ஜிம்ல ட்ரெட்மில்ல செய்றவங்களுக்கு, மணிக்கு 7.5 கிலோமீட்டர்னு போட்டா அது கிலோமீட்டருக்கு 8 நிமிஷ வேகம், மூச்சு வாங்கினா 6.5க்கு எறக்குங்க, பக்கத்து மெஷின்ல இருக்கற பையன் நம்பர எட்டிப் பாக்காதீங்க.

எடை கொறையுமான்னு கேக்கறவங்களுக்கு நேரடியா சொல்லிடறேன், இத மட்டும் நம்பாதீங்க. 70 கிலோ ஆளு 3 கிலோமீட்டர் ஓடினா எரியறது ஏறக்குறைய 200 கலோரி, முடிச்சிட்டு மாமாக் கடையில பசியாற உட்கார்ந்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டாலே அது திரும்பி வந்துடும், பால் டீ, அதான் தே தாரிக், அத கணக்குலயே சேக்கல. நாங்க சாப்பிடறோம், வாரத்துல ஒரு நாள். மத்த நாள் தே ஓ கொசோங், பாலும் சீனியும் இல்லாத டீ. தூக்கம் நல்லா வருது, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கல, இதுதான் நான் பாத்த லாபம்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க. ஒரு வேளை சாப்பாட்டோட இருக்கற நாட்கள்ல புது வாரத்துக்கு தாவாதீங்க, இருக்கற வாரத்தையே திரும்ப செய்ங்க, இல்ல வெறும் நடையா வெச்சிக்குங்க, தண்ணிமலை கோயில் படி 513 ஏறப் போற காலு அது, பால்குடம் வேற. பூசத்தப்ப வாட்டர்ஃபால் ரோடு பக்கமே ஓட்டத்த நெனைக்க முடியாது, தண்ணீர்ப் பந்தலும் கூட்டமும்தான். எல்லாம் முடிஞ்சு பந்தல் பிரிச்சு, ரெண்டு மூணு நாள் நல்லா சாப்பிட்டு தூங்கி எழுந்ததுக்கு அப்பறம் விட்ட வாரத்துலருந்தே தொடருங்க, பொட்டானிக் கார்டன் பக்கம் காலைல ஏழு மணிக்குள்ள போனா பார்க்கிங் கெடைக்கும்.